முப்பத்து நான்கு பேர் கணக்கு

சென்னையில் தாம்பரத்தை ஒட்டிய மாடம்பாக்கம் ஏரிக்கரையில் நூறு பேரை வரிசையாக நிற்கவைப்போம். தமிழ்நாட்டின் மக்கள்தொகையை அப்படியே சுருக்கி எடுத்த நூறு பேர். 2011 கணக்கெடுப்பை வைத்து ஆட்களைத் தேர்ந்தால், அவர்களில் 10 பேர் 60 வயதை எட்டியவர்கள். 24 பேர் பதினைந்து வயதுகூட ஆகாத பிள்ளைகள். மீதி 66 பேர் வேலை செய்யும் வயதினர். இதே வரிசையை 2031க்கு நிறுத்திப் பார்ப்போம். 2020இல் வெளியான மத்திய அரசின் தொழில்நுட்பக் குழுக் கணிப்பின்படி முதியவர்கள் 18 பேர். பிள்ளைகள் ஏறக்குறைய 16 பேர்தான். பள்ளிக்கூடம் போகிறவர்களைவிடப் பென்ஷன் வயதுக்காரர்கள் அதிகம். இந்த மண்ணில் இதுவரை யாரும் பார்த்திராத வரிசை அது.

இன்னும் ஐந்து ஆண்டு தள்ளிப் போனால், 2036இல், முதியவர்கள் 21 பேர் ஆகிவிடுவார்கள். பத்தில் ஒருவர் என்றிருந்தது ஐந்தில் ஒருவர் என்றாக 25 ஆண்டு போதுமானதாக இருக்கிறது. பிரான்சு நாட்டில் 65 வயதைக் கடந்தோரின் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 ஆக இரட்டிக்க 115 ஆண்டு பிடித்தது. அளக்கும் வயது வேறுதான்; ஆனாலும் வேகத்தின் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. பிரான்சில் நான்கு தலைமுறை கண்ட மாற்றத்தை இங்கே ஒரே தலைமுறை காண்கிறது.

இப்போது அந்த வரிசையில் ஒரு சின்னக் கூட்டல். 2011இல் முதியவர் 10, பிள்ளைகள் 24, சேர்த்தால் 34. 2031இல் முதியவர் 18, பிள்ளைகள் 16. சேர்த்தால் அதுவும் 34. உழைக்கும் வயதினரோடு ஒப்பிடும்போது அவர்களைச் சார்ந்திருப்போர் எத்தனை பேர் என்பதைச் ‘சார்பு விகிதம்’ என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். முதுமைச் சுமை நாட்டை அமுக்கிவிடும் என்று நாம் கவலைப்படும் இந்த இருபது ஆண்டில் அந்த மொத்தம் அசையவே இல்லை! 66 பேர் 34 பேரைத் தாங்குகிறார்கள். அன்றும் அப்படித்தான், நாளையும் அப்படித்தான். மாறுவது அந்த 34 பேர் யார் என்பது மட்டும். சிக்கல் முழுவதும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில், இது எப்படி நடந்தது?

யாரைக் கேட்டாலும் சட்டென்று வரும் பதில்: “ஜனங்க இப்ப ரொம்ப நாள் உயிரோட இருக்காங்க, அதான்.” உண்மையும்தான். 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 50 ஆண்டு. இப்போது 73. ஆனால் மக்கள்தொகை மூப்படைந்ததற்கு முதல் காரணம் இது இல்லை. சாவு குறையத் தொடங்கும்போது ஒரு சமூகம் முதலில் இளமையாகத்தான் ஆகிறது. 1950களில் அமெரிக்க மக்கள்தொகை அறிஞர் ஆன்ஸ்லி கோல் கணக்குப் போட்டுக் காட்டிய உண்மை இது.

எப்படி என்று பார்க்க மாடம்பாக்கத்திலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். பக்கத்தில் தாம்பரம் சானடோரியம். ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த அந்தக் காசநோய் மருத்துவமனையை 1928இல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான். மருந்துகள் வந்தபின், 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆய்வு மையம் அமைந்தது. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தும், மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்கவைத்தது: நெரிசலான ஒண்டுக்குடித்தன வீட்டில் மருந்து சாப்பிட்டவரும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார். காசநோய்க்காரரை ஆண்டுக்கணக்கில் படுக்கவைக்கும் பழக்கம் பல நாடுகளில் மெல்ல மறைந்தது இதற்குப் பின்புதான்.

இப்படிக் காப்பாற்றப்பட்டவர்கள் யார்? காசநோயில் பெரும்பாலும் இளவயதினர். அம்மை, பேதி, நிமோனியா போன்றவற்றில் பெரும்பாலும் குழந்தைகள். சாவின் பிடியிலிருந்து மீட்ட ஒவ்வொரு குழந்தையும் நம் வரிசையில் பிள்ளைகள் பக்கம் போய்ச் சேர்கிறது. அதனால்தான் சாவு குறைந்த முதல் கட்டத்தில் தமிழ்நாட்டில் பிள்ளைகள் பெருகினார்கள். முதியவர்களின் பங்கு உயரவில்லை. முதியவர்களின் ஆயுளை நீட்டுவது வயதுப் பங்கீட்டை மாற்றத் தொடங்குவது வெகு தாமதமாகத்தான்.

அடுத்த கட்டத்தில் கதை திரும்புகிறது. 1971இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020இல் அது 13. பெற்ற பிள்ளை நிலைக்கும் என்று நம்பிக்கை வந்தபின் நான்கு, ஐந்து என்று பெற வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. குழந்தைச் சாவு குறைவதுதான் சற்றுப் பிந்திப் பிறப்பையும் குறைக்கிறது.

அந்த நம்பிக்கைக்குத் தமிழ்நாடு பல பக்கத்திலிருந்தும் உரம் போட்டது. காமராசர் 1950களில் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார், எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். பெண்பிள்ளைகள் கூடுதல் ஆண்டுகள் படித்தார்கள். படித்ததால் திருமணம் தள்ளிப்போனது. 1951 கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி, பின்னர் இங்கே தலைமைச் செயலராகி, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொள்வோருக்கு ஊக்கத்தொகை தரும் முறைக்கு முன்னோடியாக இருந்தார். 1980களின் இறுதியை ஒட்டித் தலைமைச் செயலராக இருந்த டி.வி. ஆன்டனி அதே வேலையை மாவட்டம் மாவட்டமாக முடுக்கிவிட்டார். கூடவே, பெரியார் 1930களிலேயே கர்ப்பத்தடையைப் பெண்ணின் உரிமையாகப் பேசிவிட்டிருந்தார். சீனா 1980இல் ‘ஒரு குழந்தை’ என்று சட்டத்தின் துணையோடு செய்ததை, அப்படி ஒரு சட்டமே இல்லாமல் தமிழ்நாடு செய்து முடித்தது.

விளைவு எண்களில் தெரிகிறது. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ‘மொத்தக் கருவள விகிதம்’ என்று பெயர். தமிழ்நாட்டில் அது 1971இல் 3.9. 1990களின் தொடக்கத்தில் 2.1. மாதிரிப் பதிவு முறையின் 2020 அறிக்கையில் 1.4.

ஏன் 2.1ஐத் தனியாகக் குறிப்பிட வேண்டும்? அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஈடாக இரண்டு பிள்ளைகள் போதாதா? போதாது. இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. பிறந்த பெண் குழந்தைகளிலும் சிலர் தாயாகும் வயதுவரை வாழ்வதில்லை. இந்த இரண்டு இழப்பையும் ஈடுகட்டத்தான் கூடுதலாக அந்த 0.1. இதை ‘ஈடுகட்டு நிலை’ என்பார்கள். மக்கள்தொகை நீண்டகாலத்தில் கூடுமா குறையுமா என்பதைத் தீர்மானிக்கும் எல்லைக்கோடு இந்தப் பத்தில் ஒரு பங்குதான்.

1.4 என்பது 2.1இல் சரியாக மூன்றில் இரண்டு பங்கு. அதே அளவு நீடித்தால் என்ன ஆகும் என்று ஒரு தெருவை வைத்துப் பார்ப்போம். 90 பாட்டிகளுக்கு 60 மகள்கள். அந்த 60 பேருக்கு 40 பேத்திகள். அவர்களுக்கு 27 கொள்ளுப்பேத்திகள். யாரும் ஊரை விட்டுப் போகவில்லை. போர் வரவில்லை, கொள்ளைநோய் வரவில்லை. மூன்றே தலைமுறையில் தெருவின் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டார்கள். ஒரு குடும்பத்தில் 1.4 என்பதற்கும் 2.1 என்பதற்கும் வேறுபாடு தெரியாது. ஊர் அளவில் கூட்டும்போதுதான் அதன் பலம் புரிகிறது.

அப்படியானால் 1990களிலேயே எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்ட தமிழ்நாட்டில் மக்கள்தொகை அப்போதே குறையத் தொடங்கியிருக்க வேண்டுமே? குறையவில்லை. 1991இல் 5 கோடியே 58 லட்சம் பேர் இருந்தோம். 2011இல் 7 கோடியே 21 லட்சம். தாம்பரம் நிலையத்துக்குள் நுழையும் மின்ரயில், பிரேக் போட்டபின்னும் நடைமேடையின் கோடிவரை ஓடித்தான் நிற்கும். மக்கள்தொகைக்கும் அப்படி ஓர் உந்தம் உண்டு. பிறப்பு அதிகமாக இருந்த காலத்தில் பிறந்த ஏராளமான பெண்கள் தாய்மை வயதுக்கு வரும்போது, ஆளுக்கு ஒன்றிரண்டு பெற்றாலும் மொத்தக் குழந்தைகள் நிறையவே இருக்கும். அந்த ஓட்டம் இப்போது தீரும் தறுவாயில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மக்கள்தொகை 8 கோடியை எட்டாமலேயே திரும்பிவிடும் என்கிறது கணிப்பு.

இதே கணக்கு, ஓர் ஊரின் வரைபடத்திலும் வேலை செய்கிறது. மாடம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கமெல்லாம் வயல்கள் மனைகளாகப் பிரிக்கப்பட்டபோது, ஒரு நகரில் மனை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒத்த வயதினர்: வேலையில் ஊன்றி, கடன் கிடைத்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருந்த முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர்கள். ஒரே சமயத்தில் வீடு கட்டியவர்கள் ஒரே சமயத்தில் ஓய்வுபெறுகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் ஒரே சமயத்தில் பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ போகிறார்கள். மாநிலம் மெல்ல மூப்படைய, ஒரு குடியிருப்பு சட்டென்று மூப்படைந்துவிடுகிறது. 1971இல் குடியேற்றம் தொடங்கிய டோக்கியோவின் தாமா புதுநகரம் இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. இளம் குடும்பங்களுக்காகக் கட்டிய அந்த லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடங்களில் இப்போது ஏறி இறங்க முடியாமல் இருப்பது அதே குடும்பங்கள்தான். 2021இல் பத்து உள்ளாட்சிகளைச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது மாடம்பாக்கம் பேரூராட்சியும் அதில் சேர்ந்தது. நடைபாதை, படிக்கட்டு, பொதுக் கழிப்பறை என்று இந்த மாநகராட்சி போடும் ஒவ்வொரு திட்டத்திலும், எந்த நகர் எந்த ஆண்டு போட்ட மனை என்ற பழைய தகவல் வருங்காலத்தைச் சொல்லிவிடும்.

இனி அந்த 34 பேரிடம் திரும்புவோம். மொத்தம் மாறவில்லை என்றால் பிரச்சினைதான் என்ன? ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்த செலவு. எந்த வயதில் தடுப்பூசி, எந்த வயதில் பள்ளி என்று நாட்காட்டி போட்டுவிடலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாட்காட்டி. முதுமைக்கு அப்படி இல்லை. 85 வயதில் ஏரியைச் சுற்றி நடப்பவரும் உண்டு. 62 வயதில் படுக்கையில் விழுந்தவரும் உண்டு. யாருக்கு எப்போது எவ்வளவு தேவைப்படும் என்பது தெரியாது. மேலும் குழந்தைக்குப் பெற்றோர் இருக்கிறார்கள். வயதானவருக்கு? பெண்கள் ஆண்களைவிட நீண்டநாள் வாழ்கிறார்கள்; நம் ஊரில் கணவரைவிட வயதில் இளையவர்களும்கூட. ஆகவே கடைசி ஆண்டுகளைத் தனியே கழிப்பவர்களில் பெண்களே மிகுதி. சொந்தச் சம்பளம், சொந்தப் பென்ஷன் இல்லாதவர்களும் அவர்களே மிகுதி. 1962இலேயே தமிழ்நாடு முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிவிட்டது. 2023இல் அது மாதம் 1,200 ரூபாய் ஆனது. நாளுக்கு 40 ரூபாய்.

‘இன்னும் கொஞ்சம் பிள்ளை பெற்றால் போகிறது’ என்பது எளிய தீர்வாகத் தோன்றும். சிங்கப்பூர் அதைச் செய்து பார்த்தது. 1970களில் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ என்ற அரசு, 1987இல் ‘முடிந்தால் மூன்று பெறுங்கள்’ என்று தலைகீழாகத் திரும்பியது. வரிச்சலுகை, பரிசுத்தொகை எல்லாம் கொடுத்தும் 2023இல் அதன் கருவள விகிதம் 0.97. பிறப்பைக் குறைக்கத் தெரிந்த அரசுகள் உண்டு. கூட்டத் தெரிந்த அரசு என்று ஒன்றைக் காட்டுவது கடினம். ஒருவேளை அது பலித்தாலும் முதல் இருபது ஆண்டு நிலைமை இறுக்கமாகத்தான் ஆகும். ஏனென்றால் பிறக்கும் குழந்தையும் அந்த 34 பேர் பக்கம்தான் நிற்கும். சம்பாதிக்கும் பக்கம் போக இருபது ஆண்டு வேண்டும்.

வரிசையில் நடுப்பகுதியை, அதாவது உழைக்கும் வயதினரை, உடனே பெருக்கும் வழி ஒன்றுதான்: வெளியிலிருந்து இளையவர்கள் வருவது. அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. தாம்பரத்தைச் சுற்றி எழும் அடுக்ககங்களின் சாரத்தில் கேட்பது இந்தி, ஒடியா, வங்காளம். பீகாரில் இன்னும் இளைஞர்கள் மிகுதி, இங்கே வேலை மிகுதி. ஒரே நாட்டுக்குள் இருக்கும் இந்த வயது ஏற்றத்தாழ்வைச் சமன்செய்து கொண்டிருப்பவை தொலைதூர ரயில்கள். ஐரோப்பாவும் ஜப்பானும் விசா கொடுத்துத் தேட வேண்டிய ஆட்கள் நமக்கு முன்பதிவில்லாப் பெட்டியில் வந்து இறங்குகிறார்கள். ஆனால் அந்த மாநிலங்களிலும் பிறப்பு குறைந்துவருகிறது. இந்த வசதி நிரந்தரம் இல்லை.

மிச்சமிருக்கும் வழியில்தான் தமிழ்நாட்டுக்குச் சொந்தச் சரக்கு இருக்கிறது. முதுமைக்கென்று தனி மருத்துவம் வேண்டும் என்ற எண்ணமே இந்தியாவில் அரிதாக இருந்தபோது, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராசன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கென்று மேற்படிப்பும் வந்தது. 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. இவற்றைவிடச் சத்தமில்லாத புதுமை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரையைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறார்கள். நடக்க முடியாதவருக்கு இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். சேத்துப்பட்டு ஆய்வு 1959இல் காட்டிய அதே பாடம்தான் இது: நோயாளியை மருத்துவமனைக்கு இழுக்காமல் மருந்தை வீட்டுக்கு அனுப்பினாலும் போதும். இதன் கணக்கு எளிது. தவறாமல் போட்ட பிரஷர் மாத்திரை பல பக்கவாதங்களைத் தடுக்கிறது. தடுத்த ஒவ்வொரு பக்கவாதமும் படுக்கையில் கழிய இருந்த ஆண்டுகளை நடமாடும் ஆண்டுகளாக மாற்றுகிறது; அவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட இருந்த மகளையும் காப்பாற்றுகிறது.

உடல் எவ்வளவு திரும்பிவரும் என்பதற்கு வியப்பான சான்று ஒன்று உண்டு. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி 90 வயதான சிலருக்கு மருத்துவர் மரியா ஃபியாடரோன் எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். தொடங்கியவர்கள் பத்துப் பேர், முடித்தவர்கள் ஒன்பது பேர். கால் தசையின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதுத் தசையும் வேலை கொடுத்தால் வளர்கிறது! நீங்களே சோதிக்கலாம்: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் தசை தளர்ந்திருக்கலாம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அடையாளம். கீழே விழுவதைத் தடுக்கும் முதல் கருவி அந்தத் தொடைத் தசை.

இப்போது அடிப்படையையே அசைக்கும் ஒரு கேள்வி. 60 வயதில் முதுமை தொடங்குகிறது என்று யார் சொன்னது? ஜெர்மனி 1889இல் உலகின் முதல் முதியோர் பென்ஷன் சட்டத்தைக் கொண்டுவந்தபோது வயது 70 என்று வைத்தது. 1916இல் 65 ஆக இறக்கியது. தமிழ்நாடு அரசு ஊழியரின் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020இல் 59, 2021இல் 60. எல்லாம் அரசாணை எழுதும் எண்கள். வாரன் சாண்டர்சன், செர்ஜி ஷெர்போவ் என்ற இரு ஆய்வாளர்கள் வேறு அளவுகோலைச் சொன்னார்கள்: பிறந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று எண்ணாதீர்கள், சராசரியாக இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்று எண்ணுங்கள், 15 ஆண்டு மிச்சம் இருக்கும்போது முதுமை தொடங்குகிறது என்று வையுங்கள். இந்தியாவில் 60 வயதை எட்டியவருக்குச் சராசரியாக ஏறக்குறைய 18 ஆண்டு மிச்சம் இருக்கிறது. இந்த அளவுகோலின்படி முதுமையின் வாசல் நான்கைந்து ஆண்டு தள்ளிப்போகிறது. நம் வரிசையில் ‘முதியவர்’ என்று நிறுத்திய சிலர் நடுப்பகுதிக்குத் திரும்பி வருகிறார்கள். ஒருவரும் பிறக்காமல், ஒருவரும் குடிபெயராமல் 34 குறைகிறது.

ஆனால் அந்த நடை தானாக நடக்காது. முட்டியும் சர்க்கரையும் சேமிப்பும் அனுமதித்தால்தான் ஒருவர் அந்த இடத்துக்கு வர முடியும். கொத்தனார் வேலையில் முதுகு ஒடிந்தவருக்கும், ஏசி அறையில் கணக்கு எழுதியவருக்கும் ஓய்வு வயதை ஒரேபோல் உயர்த்துவது நியாயமும் ஆகாது.

மழை வருமா என்று நாளைக்குக்கூட உறுதியாகச் சொல்ல முடியாத நமக்கு, 2036இன் முதியவர்கள் யார் என்று இன்றே தெரியும். அவர்கள் எல்லோரும் 1976க்குள் பிறந்தவர்கள். இப்போதே நம்மோடு பேருந்தில் நிற்கிறார்கள், பலர் இன்னும் தங்களை நடுவயதுக்காரர்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கையை எந்த அரசும் மாற்ற முடியாது. எந்த உடம்போடு, எவ்வளவு கையிருப்போடு அந்த 21 பேரில் ஒருவராகப் போய் நிற்பார்கள் என்பதை மட்டும் மாற்றலாம். அதற்கு இன்னும் சில ஆண்டு இருக்கிறது. நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.